கைக்கேற்ற பிடி

ஜிக்சோ வாள் வாங்கச் செல்வோர் கடைக்காரரிடம் முதலிற் கேட்பது அது எத்தனை வாற்று என்பது. அடுத்துக் கேட்பது விலை. பிடி எத்தகையது என்று கேட்பாரைக் காண்பது அரிது. அலகு தேய்ந்தால் மாற்றலாம். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பிடியையோ மாற்ற இயலாது. வாங்கிய நாள் முதல் அதனுடனேயே கை வாழ வேண்டும்.

பலகையில் வளைவு வெட்டுவதற்கென அமைந்த சிறு மின்வாள் இது. மெல்லிய அலகு மேலுங் கீழுமாகத் துள்ளி மரத்தை அறுக்கும். 1946 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்தில் அல்பேட் கோப்மன் என்னும் பொறியியலாளர், தையல் இயந்திரத்தின் ஊசியைக் கழற்றி அவ்விடத்தில் வாளலகைப் பூட்டிப் பார்த்ததிலிருந்து பிறந்தது என்பர். தையல் மெஷினோடு வளர்ந்த எமது வீட்டுப் பெண்களுக்கு இதன் துள்ளல் புதியதன்று.

பிடியில் இரு வகை உண்டு. ஒன்று வளையப் பிடி. இஸ்திரிப் பெட்டிக்கு இருப்பதுபோல மோட்டாருக்கு மேலே வளைந்து நிற்கும். சுட்டுவிரல் படுமிடத்திலே விசை இருக்கும். மற்றையது உருளைப் பிடி. இதிலே தனிப் பிடி என்று ஒன்றில்லை. கிடையாகக் கிடக்கும் மோட்டாரின் உடலையே, பெரிய ரோச் லைற்றைப் பற்றுவதுபோலக் கை சுற்றிப் பற்றும். எமது இரும்புக்கடைகளிற் பெரிதும் தொங்குவது முதல் வகையே. ஆதலின், மற்றொன்று உண்டென்பதே பலருக்குத் தெரியாது.

எமக்கும் இவ்வாராய்ச்சி தேவைப்பட்டிராது, எமது இல்லாள் எழுத்து வெட்டத் தொடங்கியிராவிடின். முன்பள்ளியொன்றிலே கற்பிக்கும் அவர், உயிரும் மெய்யும் ஆய்தமுமாக முப்பத்தொரு எழுத்தையும் ஒட்டுப்பலகையிற் சாணளவு உயரத்துக்கு வெட்டிப் பிள்ளைகளின் கையிலே கொடுக்க விரும்பினார். வகுப்பிலே பார்வை குன்றிய சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு விரல்தான் கண். ஏனைய பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து அகரத்தை அறிகையில் அவள் மட்டும் வெறும் ஓசையை வைத்துக்கொண்டிருப்பது இவருக்குப் பொறுக்கவில்லை.

அயலவரிடம் இரவலாக வாங்கிய வாள் வளையப் பிடியுடையது. ஐந்தாம் எழுத்தாகிய உகரத்தை வெட்டி முடித்தபோது பெருவிரலடியில் நோவு கண்டது. அங்குள்ள தசைநார் வீங்கியிருக்கிறதென்றும், மணிக்கட்டை மடித்து வைத்துப் பாரமான வேலை செய்யலாகாதென்றும் வைத்தியர் கூறிவிட்டார். எழுத்து வேலை அத்துடன் நின்றுவிடும் போலிருந்தது.

நோவின் காரணத்தை ஆராய்ந்தபோதுதான் பிடியின் இயல்பு எமக்குப் புலப்பட்டது. வளையப் பிடியிலே கை மரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. மேசை முழங்கையளவு உயரமாயின், கை அதற்கும் மேலே எழும்ப, மணிக்கட்டு மடிந்தே தீரும். மேலிருந்து தள்ளும் கருவி பக்கம் சாயப் பார்க்கும். சாயாது தடுக்கக் கை இறுகும். இறுகப் பற்றினால் அதிர்வு அவ்வளவும் கைக்குள்ளே இறங்கும். தமிழெழுத்தோ வளைவுக்கு மேல் வளைவு. இகரத்தைச் சுற்றி வருவதற்குள் கை எத்தனை தரம் திரும்ப வேண்டும்! உருளைப் பிடியிலே கை அலகின் பின்னால், பலகைக்கு அண்மையாக, நேராக நிற்கும். எழுதுகோலை அடியிற் பிடித்து எழுதுவது போன்றது அது.

மேசையைத் தாழ்த்தினால் வளையப் பிடியின் குறை பெரிதும் தீரும் என்பதையும் சொல்லவேண்டும். எமது வீட்டிலே வேலை நடப்பது குசினி மேசையில். அதன் காலை அரிய எவரும் இசையார்.

ஆயினும், உருளைப் பிடி எல்லோர் கைக்கும் அடங்குவதன்று. கடையிலே இல்லாள் எடுத்துப் பார்த்த முதலாவதிலே பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இரண்டு விரலிடை வெளி நின்றது. இவ்வாறு பாதி பற்றிய கை நழுவாதிருக்க மேலும் இறுகும்; நோவைத் தீர்க்க வாங்கியதே நோவைத் தரும். உடல் மெலிந்த வேறொன்றைக் கேட்டு வாங்கி, கடை மேசைமீது வைத்து, பலகையில் எழுத்து இருப்பதாகப் பாவித்து வளைத்து வளைத்து ஓட்டிப் பார்த்தார். கடைக்காரர் சற்றே சிரித்தார், சிரிக்கட்டும். முன்கைத் தசை கல்லாக இறுகாமல் ஓட்ட முடிகிறதா என்பதே சோதனை.

இனிச் சிலும்பு பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான அலகுகளின் பல் மேல்நோக்கியது. மேலே ஏறும்போது அறுப்பதால் மேற்பக்கம் சிலும்பும். தடவிப் படிக்கும் பிஞ்சு விரலுக்கு அது ஆகாது. கீழ்நோக்கிய பல்லுடைய அலகும் உண்டு. ஆனால், அது வாளை மேலே உந்தும், அழுத்திப் பிடிக்க வேண்டும். தேர்ந்த தச்சர் சிலர் பலகையை இறுக்கிப் பூட்டிவிட்டு வாளை அடியிலிருந்து ஓட்டுவர். அதற்கு உருளைப் பிடியே வசதி. நாம் கண்ட எளிய வழி, மெல்லிய தாளில் எழுதி, அதைப் புரட்டிப் பலகையின் பின்புறத்தில் ஒட்டி வெட்டுவது. புரட்டாமல் ஒட்டினாலோ முன்புறத்திலே கண்ணாடியிற் கண்ட எழுத்துத்தான் வரும். பகரமும் ஆய்தமுந்தான் தப்பும்!

எமது பெரிய கைக்கு இன்றும் வளையப் பிடியே பிடித்திருக்கிறது. அதில் விரலை எடுத்தால் வாள் நின்றுவிடும், விசையைப் பூட்டாதிருந்தால். உருளைப் பிடியிலே விசை பெரும்பாலும் தள்ளுவிசை. கை நழுவினாலும் வாள் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆதலின், சுவரிலுள்ள மின்விசை எட்டும் தூரத்திலேயே மேசையைப் போட்டிருக்கிறோம். அலகு மாற்றும்போது செருகியைக் கழற்றிவிடுவது கட்டளை.

உயிரெழுத்து முடிந்து ஞகரம் வரை வெட்டியாயிற்று. அகரத்தைச் சிறுமியிடம் கொடுத்தபோது சுழியிலிருந்து தொடங்கி இரண்டு தரம் தடவிவிட்டு, அடுத்தது எங்கே என்று கேட்டாளாம். டகரம் நேர்க்கோடே ஆதலால் அதனை இரவல் வாளால் நாமே வெட்டிக் கொடுத்தோம். ணகரத்தின் சுழிகளுக்கு முதலில் துளையிட வேண்டும். அது வரும் சனிக்கிழமைக்கு.