கரகரப்பு

போன வருஷம் ஐப்பசியில் என் தாயாருக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. ஆஸ்பத்திரியிலிருந்து பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஒரு சங்கடம் முளைத்தது.

அம்மாவுக்குத் துணை ஒரு பழைய டிரான்சிஸ்டர். படுத்தபடியே அதை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பது அவளுடைய இருபது வருஷப் பழக்கம். அன்று இருட்டியதும் திருப்பினால், பாட்டை அமுக்கிக்கொண்டு 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். பகலில் கிடையாது. திண்ணைக்குக் கொண்டுபோனால் குறைகிறது. கட்டிலுக்கு வந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்கிறது.

"நெஞ்சுக்குள்ள இருக்க மிஷின்தாம்ல ரேடியோவக் கெடுக்கு. அப்ப ரேடியோவும் மிஷினை ஏதாவது பண்ணுமா, பண்ணாதா?" என்றாள் அம்மா. நான் பதில் சொல்வதற்குள் ரேடியோவைத் துண்டில் சுற்றி அலமாரிமேல் வைக்கச் சொல்லிவிட்டாள். அதன் பிறகு மாலை வேளைகளில் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருந்தாள். அந்த நிசப்தம் எனக்கு இரைச்சலைவிடக் கஷ்டமாக இருந்தது.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். அசட்டுக் கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். மின் கருவி செய்கிற எஞ்சினீயர்கள் ஆயுள் முழுதும் கேட்டுக்கொண்டிருப்பது இதே கேள்வியைத்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இது மற்றதைக் கெடுக்குமா? மற்றது இதைக் கெடுக்குமா?

எங்கள் தெருக்கோடியில் ரேடியோ ரிப்பேர் செய்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். (இப்போது செல்போனும் பார்க்கிறார், வயிற்றுப்பாடு.) அவர் வழி சொன்னார்: "ரேடியோவையே துப்பறியும் நாயா வச்சுக்கிடுங்க தம்பி. ஸ்டேஷன் இல்லாத இடத்துல முள்ள நிறுத்திட்டு வீடு பூரா நடங்க. எங்க ஜாஸ்தியாக் குரைக்கோ, அங்கதான் திருடன்."

அன்று இரவு நடந்தேன். செல்போன் சார்ஜர் பக்கம் லேசாக முனகியது. பிரிட்ஜைக் கவனிக்கவே இல்லை. அம்மாவின் கட்டிலுக்கு மேலே தொங்கிய எல்.ஈ.டி. பல்பின் அருகில் போனதும் வெறி பிடித்ததுபோல் கத்தியது. பல்பை அணைத்தேன், கப்சிப். அந்தப் பல்பை மாட்டியவன் நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளுக்கு வெளிச்சமாக இருக்கட்டுமென்று, நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கியது.

அண்ணாச்சி அதைப் பிளந்து காட்டினார். இந்த பல்புகள் நம் வீட்டு மின்சாரத்தை அப்படியே குடிப்பதில்லை. கழுத்துக்குள் ஒரு சிறு சுற்று உட்கார்ந்து மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடுகிறது. கூர்மையான வெட்டு தன் வேகத்தோடு நிற்பதில்லை. அதன் மடங்குகளிலும் சிதறுகிறது. விநாடிக்கு 50,000 வெட்டு என்றால் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று ஏறி, ஐந்து லட்சத்துக்கு மேலே தொடங்கும் மத்திய அலை ரேடியோவின் எல்லைக்குள் வந்து விழும். வீட்டு ஒயரே அதற்கு ஏரியல். இதை வாசலிலேயே மறிக்க ஒரு சிறு கம்பிச்சுருளும் ஒரு கண்டென்சரும் வேண்டும். அந்தப் பல்பில் இரண்டும் இல்லை. செய்தவன் அதில் மிச்சம் பிடித்தான். வாங்கியதில் நான் மிச்சம் பிடித்தேன். பாட்டை இழந்தது அம்மா.

லாப்டாப் சார்ஜர் ஒயர்கள் சிலவற்றில் கரும்புக் கணுப்போல் ஓர் உருண்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். எலி கடிக்காமலிருக்க வைத்தது என்று என் சிநேகிதர் ஒருவர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். உள்ளே இருப்பது பெரைட். ஒயர் வழியே தப்பி ஓடும் அதிவேக இரைச்சலை மடக்கி, பெரும்பாலும் உஷ்ணமாக மாற்றிவிடும். போக்கு ஒயரையும் வரத்து ஒயரையும் முறுக்கி ஓட்டுவதும், கருவியை உலோகப் பெட்டிக்குள் அடைப்பதும் இதே காரியத்துக்குத்தான்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் அபெர்ஹோசன் என்று ஒரு சிற்றூர். அங்கே பதினெட்டு மாதங்களாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் இண்டர்நெட் படுத்துவிட்டது. கேபிளை மாற்றியும் தீரவில்லை. கடைசியில் எஞ்சினீயர்கள் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் தெருத்தெருவாக அலைந்து கண்டுபிடித்தார்கள்: ஒரு வீட்டில் காலை ஏழு மணிக்குப் போடும் பழைய டெலிவிஷன் பெட்டி. 2020-ல் செய்தி வெளிவந்தது. வீட்டுக்காரர் கூனிக் குறுகி, இனி அதைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தாராம். பல்பை வாங்கிய எனக்கு அவருடைய நிலைமை நன்றாகப் புரிந்தது.

ரேடியோ கேட்பவர்களைக் காப்பாற்றவென்றே 1934-ல் பாரிஸில் ஒரு சர்வதேசக் குழு கூடியது. சிஸ்பர் என்று பெயர். ஐரோப்பாவில் 1996 முதல் கட்டாயமான சட்டம் கருவிகளுக்கு இரண்டு கடமைகளை விதித்தது. அளவுக்கு மேல் இரையக் கூடாது. பிறர் இரைச்சலுக்குச் சட்டென்று மிரளவும் கூடாது.

இரண்டாவதில்தான் எனக்குக் கவலை. பேஸ்மேக்கர் வெறுமனே தட்டுகிற யந்திரம் அல்ல, கேட்கிற யந்திரம். இதயம் தானாகத் துடித்தால் பேசாமலிருக்கும்; தவறினால் ஒரு தட்டுத் தட்டும். அது கேட்கும் துடிப்போ ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. வெளி இரைச்சலைத் துடிப்பென்று நம்பிவிட்டால்? 'துடிக்கிறதே' என்று சும்மா இருந்துவிடுமே! டாக்டரிடம் கேட்டேன். டைட்டானியக் கூடு, கம்பி நுழைகிற வாசலில் கண்டென்சர் காவல் எல்லாம் இருக்கிறது என்றார். அதையும் மீறி இரைச்சல் விடாமல் வந்தால், கேட்பதை விட்டுவிட்டு ஒரே நிதானத்தில் தட்டிக்கொண்டே இருக்கும்படி செய்திருக்கிறார்களாம். அன்றிரவு நான் தூங்கினேன்.

செல்போனை ஆறு அங்குலம் தள்ளி வை, இண்டக்ஷன் அடுப்புக்கு இரண்டடி விலகி நில் என்றெல்லாம் சொன்னவர், ரேடியோ தாராளமாகக் கேட்கலாம் என்றார். ஆனால் நெஞ்சின் மேல் வைக்கக் கூடாது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது. நெருங்கி வந்தால் அது பேஸ்மேக்கரின் போக்கை மாற்றிவிடும். ஆக, அம்மாவின் சந்தேகம் முற்றிலும் அசடு அல்ல.

"நாஞ் சொன்னேம்லா?" என்றாள் அம்மா. புதுப் பல்பு மாட்டி, ரேடியோவை அலமாரியிலிருந்து இறக்கிக் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தேன். நெஞ்சிலிருந்து ஸ்டூல் வரை கையால் ஒரு சாண் அளந்து பார்த்து, போதாதென்று இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னாள். பாட்டு சுத்தமாக வந்தது. பாதியில் ஒரு நிமிஷம் மறுபடியும் கரகரத்தது. நான் பதறி எழுந்தேன்.

"இருல. அடுத்த வீட்டுக்காரி சட்னி அரைக்கா" என்றாள் அம்மா.