மூலத்தை எடுத்த பிறகு

ஜெனீவா அருகே செர்னில் காஸ்ட் சோதனை 2003இல் சூரியனைப் பார்க்கத் தொடங்கியது. சூரியனின் மையத்தில் ஆக்சியான் என்ற துகள் பிறக்கிறது என்றால், 9 டெஸ்லா காந்தத்துக்குள் நுழையும்போது அது எக்ஸ்-ரேயாக மாறலாம். காந்தத்தை 8 பாகைக்கு மேல் நிமிர்த்த முடியவில்லை. ஆகவே உதயத்தில் ஒன்றரை மணி நேரம், அஸ்தமனத்தில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். மீதி நேரத்தில் டிடெக்டர் சும்மா இருக்கும்போது என்ன உளறுகிறது என்று எண்ணினார்கள்.

அந்த வேலையின் அரிச்சுவடியை நான் படித்தது தாம்பரம் பக்கம், ஒரு கல்லூரி ஆய்வகத்தில். கற்றுக்கொடுத்தவர் ஆய்வு மாணவியான ஓர் அக்கா. எங்கள் டிடெக்டர் ஓர் அலுமினியக் குழாய், நடுவில் தலைமுடியைவிட மெல்லிய டங்ஸ்டன் கம்பி. நுனியில் எடை கட்டித் தொங்கவிட்டு, விறைப்பு குறையாமல் சால்டர் வைக்க வேண்டும். சால்டரில் கூர்முனை நின்றால் அங்கிருந்துதான் பொறி பறக்கும். "கையுறை போடு, வேர்வையில உப்பு இருக்கு" என்பார். கார்த்திகை மழையில் அந்த உப்பு ஈரத்தை இழுக்கும், ஹைவோல்டேஜ் கசியும். பிறகு பி-10 என்ற ஆர்கான் கலவை வாயுவை ஓடவிட்டுக் காற்றை விரட்டுவோம். ஆக்சிஜன் மிஞ்சினால் எலக்ட்ரான்களை விழுங்கிவிடும்.

இரும்பு-55 கதிரியக்க மூலத்தைக் குழாயின் ஜன்னலருகே வைத்தால் திரையில் 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் பெரிய முகடு, 3க்குப் பக்கத்தில் ஒரு குட்டி. ஆர்கானின் எக்ஸ்-ரே வெளியே தப்பிவிடுவதால் வருவது அது. சூரிய ஆக்சியான்களை அதிகம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய அந்த 3இல்தான்!

உண்மையான பாடம் மூலத்தை எடுத்த பிறகு. துடிப்புகள் நிற்பதில்லை. சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூயான் துகள் வானத்திலிருந்து இறங்குகிறது. கான்கிரீட்டிலும் ஜல்லியிலும் பொட்டாசியம்-40 இருக்கிறது. மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டாலும் ஒரு துடிப்பு. அசிலோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும்: எக்ஸ்-ரே ஒரே புள்ளியில் விழுவதால் துடிப்பு சட்டென்று ஏறும், மியூயான் வழிநெடுக எலக்ட்ரான்களைச் சிந்திப் போவதால் தயங்கி, மேடுபள்ளமாக ஏறும். காஸ்டின் மைக்ரோமெகாஸ் டிடெக்டர்கள் இதே வித்தியாசத்தைப் படமாகவே பிரித்துப் பார்த்தன. சுற்றிலும் கவசமாகச் செம்பும் ஈயமும் வேறு.

ஆக்சியான் கிடைக்கவில்லை. இருந்தால் அது ஒளியோடு எவ்வளவு பலவீனமாகத்தான் பிணைய முடியும் என்று 2017இல் எல்லை போட்டார்கள். அடுத்தது ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்தில், பேபி ஐயாக்ஸோ என்ற சோதனை. அந்தப் பக்கம் போக நினைக்கும் பிள்ளைகள் சமன்பாட்டோடு சால்டரிங்கும் பழகுங்கள். முதலில் உங்கள் ஆய்வகத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.