தீர்வு உண்டு என்னும் உறுதி

புதிரொன்றை அவிழ்க்க அமர்பவன், அதனை இயற்றியவனிடம் ஒன்றை மட்டும் கேளாமலே நம்பிவிடுகிறான்: இதற்கு விடை உண்டு என்பதை. அந்நம்பிக்கை பொய்க்காதவரை, இரவு முழுதும் முயன்று தோற்றாலும் அவன் உழைப்பு வீணன்று. விடையே இல்லாத புதிரைத் தந்தவனோ பிறனுடைய காலத்தைத் திருடியவனாகிறான். கணனி விளையாட்டுகளில் ஆடுவோரே புதிர்க்களங்களை அமைக்கத் தொடங்கிய பின்னர், இவ்வுறுதியை யார் தருவது, எங்ஙனம் தருவது என்பன எளிதில் விடைகூற இயலாத வினாக்களாயின.

யப்பானியரான ஹிரோயுகி இமபயாஷி 1981இல் உருவாக்கிய 'சொக்கோபான்' இதற்குத் தக்க சான்று. பண்டகசாலைக் காவலன் ஒருவன் பெட்டிகளைத் தள்ளிக் குறித்த இடங்களிற் சேர்த்தல் வேண்டும். தள்ளலாம், இழுத்தல் ஆகாது. ஒருமுறைக்கு ஒரு பெட்டியே நகரும். இலக்கல்லாத மூலையில் அகப்பட்ட பெட்டி அகப்பட்டதுதான். விதி இவ்வளவே. ஆயினும், 60 கட்டங்களில் 10 பெட்டிகளை வைக்கக்கூடிய வகைகள் 7,500 கோடிக்கும் அதிகம். காவலன் நிற்கும் இடத்தையும் சேர்த்தால் அத்தொகை மேலும் பெருகும். தீர்வு தேடும் செய்நிரல், பெட்டியை இலக்கிலிருந்து பின்னோக்கி இழுத்துப் பார்த்து, இலக்கை ஒருபோதும் அடையவியலாத கட்டங்களை முதலிலேயே விலக்கிவிடுகிறது. ஒருமுறை கண்ட நிலையினுள் மறுமுறை புகுவதில்லை. இத்தகைய சிக்கனங்கள் இருந்தும் பெரிய களங்களில் அது திணறுகிறது. கனடாவின் அல்பேட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசப் கல்பர்சன், இப்புதிர் கணனியியல் அறிந்த மிகக் கடினமான கணக்கு வகைகளுள் ஒன்றைச் சார்ந்தது என 1997இல் நிறுவினார். எக்களத்துக்கும் விரைந்து விடை கூறும் பொதுவழியொன்று கிடைக்கும் என எதிர்பார்ப்பார் அரியர்.

தேடுவது அரிது, காட்டிய வழியைச் சரிபார்ப்பதோ எளிது. இயற்றியவன் தன் தீர்வை மேல், கீழ், இடம், வலம் என வரிசையாக எழுதித் தந்துவிட்டால், கணனி அதனைக் கண்ணிமைப்பொழுதில் ஆடிப் பார்த்துவிடும். எனவே, சுமையை இயற்றியவன் தலையிலேயே ஏற்றுவது நியாயமானது.

2015இல் நின்ரெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சுப்பர் மாரியோ மேக்கர்' இதனையே செய்தது. தான் அமைத்த களத்தைத் தானே ஆடி முடித்துக் காட்டாதவன் அதனைப் பிறருக்கு வெளியிட இயலாது. மதிநுட்பத்தோடு கைவேகத்தையும் வேண்டிநிற்கும் விளையாட்டு அது. விதி நல்லதே, மனிதனின் தந்திரமோ அதனினும் நுண்ணியது. சிலர் கண்ணுக்குத் தெரியாத கட்டைகளுக்கு அப்பால் இரகசிய வழியொன்றை அமைத்து, தாம் மட்டும் அவ்வழியே சென்று முடித்தனர். களத்துக்குத் தீர்வு உண்டு என்பது மெய். பிறர் கண்ணுக்குத் தெரிந்த பாதைக்குத் தீர்வு உண்டா என்பதை அது காட்டவில்லை.

இணையச் சேவை 2024 ஏப்ரல் 8இல் நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டபோது, எவராலும் முடிக்கப்படாத களங்களையெல்லாம் முடித்துவிடுவதென்று ஒரு குழுவினர் முனைந்து நின்றனர். ஈற்றில் 2017இல் வெளியான களமொன்றே எஞ்சியது. சில விநாடிகளே நீளும் அதன்முன் தேர்ந்த ஆட்டக்காரர் பலர் தோற்றுக்கொண்டிருந்தனர். மார்ச் மாதத்தில், அதனை அமைத்தவர் உண்மையை வெளியிட்டார்: அன்று ஆடி முடித்தது தம் கையன்று, கருவியின் துணையே. தருக்க நோக்கில் எதுவும் மாறவில்லை. தீர்வு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. ஆயினும் 'ஒரு மனிதன் இதனைச் செய்திருக்கிறான்' என்ற எண்ணத்திலன்றோ அவர்கள் அத்தனை நாளும் உழைத்தனர்! குழுவினர் அக்களத்தைக் கணக்கிலிருந்து நீக்கி, தம் பணி ஏற்கெனவே நிறைவுற்றதென அறிவித்தனர்.

ஆயினும் ஒருவர் முயற்சியைக் கைவிடவில்லை. சேவை நிற்பதற்கு மூன்று நாட்களின் முன், ஏப்ரல் 5இல், அவர் அக்களத்தைத் தம் கையாலேயே ஆடி முடித்தார்.