டிஸ்க்ல இடம் கெடக்கு, ஆனா இடம் இல்ல!

கும்பப்பூ அறுப்பு சமயம்னு நாலு நாள் லீவு போட்டு ஊருக்கு வந்திருக்கேன். ஊருன்னா நாகர்கோவில் பக்கம் தாழக்குடி. பொட்டி தட்டறவனுக்கு ஏது லீவு? நேத்து காலைல அம்மை ரசவடையை முன்னால கொண்டு வச்சா, போன் அடிச்சது.

"ஸ்கேன் எதுவும் சேவ் ஆகல, டிஸ்க் ஃபுல்லாம்."

நாலஞ்சு ஸ்கேன் சென்டர்ல எங்க மென்பொருள் ஓடுது. படம் மெஷினோட சொந்த டிஸ்க்ல கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் நிரம்பினா வெளிய காத்திருக்கிற ஆளுங்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான திண்ணைல லேப்டாப்பைத் திறந்தேன். என்எஃப்எஸ் மவுண்ட்ல 'டிஎஃப் -எச்' அடிச்சா 38 சதம்தான் நிரம்பியிருக்கு. ஆனா ஒரு காலி ஃபைல் உண்டாக்கப் பார்த்தா 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. கோட்டா, பெர்மிஷன்னு கால் மணி நேரம் கண்ட இடத்துல தோண்டினேன். அப்புறம்தான் புத்தி வந்து 'டிஎஃப் -ஐ' அடிச்சேன். ஐநோட் 100 சதம்!

அப்பா பழைய பத்திர எழுத்தர். "என்னடே, மொகம் இப்படி வெளிறிக் கெடக்கு?"

"பீரோல இடம் கெடக்குப்பா. ஆனா எந்தப் பத்திரம் எங்க இருக்குன்னு எழுதுற நோட்டுல வரி தீந்து போச்சு. அதுல வரி இல்லாம உள்ள வைக்க முடியாது."

"இன்னொரு நோட்டைச் சேத்துத் தைக்க வேண்டியதுதான?"

அங்கதான் சிக்கல். எக்ஸ்ட்4-ல ஐநோட் எத்தனைன்னு ஃபார்மேட் பண்ணும்போதே முடிவாயிடும். கூட்டணும்னா டிஸ்க்கையே பெருசாக்கணும், இல்லேன்னா அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

"அவ்வளவு சின்ன நோட்டை எவம்டே வாங்கினது?"

நாந்தான். ஒவ்வொரு ஸ்கேனும் ஒரே பெரிய ஜிப் ஃபைல்தானேன்னு, ரெண்டு வருஷம் முன்ன 'லார்ஜ்ஃபைல்' ஆப்ஷன் கொடுத்து ஃபார்மேட் பண்ணினேன். வழக்கமா 16 கேபிக்கு ஒரு ஐநோட், அதுல 1 எம்பிக்கு ஒண்ணு. 1 டிபில 6.7 கோடி வர வேண்டிய இடத்துல 10 லட்சத்து 48 ஆயிரம். 16 ஜிபி மிச்சம் புடிச்சிட்டேன்னு அப்போ பெருமை வேற! அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் குட்டி தம்ப்நெய்ல் போடுற வசதி வந்தது. ஒண்ணு 4 கேபிதான், ஆனா அதுக்கும் முழுசா ஒரு ஐநோட்.

தம்ப்நெய்லைத் திரும்ப உருவாக்கிக்கலாம், அழிச்சாப் போச்சு. 'ஆர்எம்' அடிச்சா 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்'. 'ஃபைண்ட்' வழியா 'டெலீட்' கொடுத்தேன், நத்தை மாதிரி நகருது. இங்கேர்ந்து அழிச்சா ஒவ்வொரு ஃபைலுக்கும் நெட்வொர்க்ல தனித்தனியா போயிட்டு வரணுமே. சர்வர்லயே நேரா நுழைஞ்சு அழிச்சேன். அஞ்சே நிமிஷத்துல ஸ்கேன் சேவ் ஆக ஆரம்பிச்சது.

அப்புறம் டேமேஜர் காரணம் கேட்டு மெயில் அனுப்பினார். 'எதிர்பாராத லோடு'ன்னு எழுதியிருந்தா ஒருத்தனுக்கும் தெரியாது. ஃபார்மேட் பண்ணினவன் பேரு எங்கயும் இல்ல. எழுதி, அழிச்சு, கடைசில அந்த ஆப்ஷன் நான் கொடுத்ததுதான்னு எழுதிட்டேன். புது வால்யூமை எக்ஸ்எஃப்எஸ்ல பண்ணிடலாம், அதுல ஐநோட் தேவைக்கேத்த மாதிரி உண்டாகும்னும் சேத்தேன்.

"திங்கள் பேசலாம்"னு ஒத்த வரி பதில். இன்னைக்கு ஞாயிறு. நீங்களும் ஒரு தடவை 'டிஎஃப் -ஐ' அடிச்சுப் பாத்துக்கிடுங்க மக்கா.

ரசவடை? அது ரசத்துலயே கரைஞ்சு போச்சு :-(