பென்ஸில் எழுத்து

உபாத்தியாயர் உத்தியோகத்தில் இருபது வருஷம் கழித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கை உடனே சிவப்பு மைப் பேனாவைத் தேடும். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, மளிகைக் கடைச் சிட்டையானாலும் சரி, ஒரு பிழையாவது கண்டுபிடிக்காமல் கீழே வைக்க மனம் வராது. இந்த வியாதி நமக்கும் உண்டு என்பதை முன்னதாகவே ஒப்புக்கொண்டு விடுகிறோம். ஏனென்றால், சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்மிடம் வந்து சேர்ந்த ஒரு காகிதத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

கலிபோர்னியாவில் வசிக்கும் நம் தங்கை அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு. காகிதத்தில் நான்கு பத்திகள் இருந்தன. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று வகுப்புகளின் எண்கள் அவற்றின் தலையில் அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஆறு கட்டங்கள். ஆக 24 கட்டங்கள். அத்தனையும் காலி.

படத்தைத் தொடர்ந்து தங்கையின் குரல் வந்தது. "அண்ணா! குழந்தை ஆகஸ்டில் ஹைஸ்கூலில் சேருகிறாள். நான்கு வருஷமும் என்னென்ன பாடம் படிக்கப் போகிறாள் என்று இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நீதான் உபாத்தியாயர் ஆயிற்றே, நிரப்பிக் கொடு."

நம் மருமகளுக்கு வயது பதினான்கு. அந்த ஊரில் ஒன்பதாம் வகுப்பில் சேருகிறவர்களை, ஆணாயிருந்தாலும் பெண்ணாயிருந்தாலும், 'ஃப்ரெஷ்மன்' என்று அழைக்கிறார்கள். பதினான்கு வயதில் மறுநாள் என்ன செய்யப் போகிறோம் என்பதே நமக்குத் தெரிந்திருந்ததில்லை. அப்படியிருக்க, நான்கு வருஷத்துத் திட்டத்தைக் கேட்கிறார்களே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு வியாதி மேலிட்டது. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

நம் நாட்டு ஏற்பாடு வாசகர்களுக்குத் தெரிந்ததே. தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ வந்தது முதல், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஏதாவது ஒரு 'குரூப்'பில் சேர வேண்டும். கணிதம், பௌதிகம், ரசாயனத்துடன் உயிரியலோ கம்ப்யூட்டரோ சேர்ந்தது ஒன்று, கணிதம் இல்லாத சயன்ஸ் குரூப் ஒன்று, காமர்ஸ் ஒன்று. ரயிலில் ஏறுவது போலத்தான். பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் வண்டி போகிற ஊருக்கு நாமும் போக வேண்டியதுதான்.

கலிபோர்னியாவில் குரூப் என்பது கிடையாது. சாப்பாட்டு ஹோட்டலில் விலைப் பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்பது போல, பாடம் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். 'ஆஹா, என்ன சுதந்திரம்!' என்று வியந்தோம். பட்டியலை மேலும் படித்தபோதுதான், எதைத் தின்றாலும் இன்னின்னதைத் தின்றே தீர வேண்டும் என்று அடியில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பது தெரிந்தது.

அங்கே ஒன்றல்ல, இரண்டு கணக்குகள் இருக்கின்றன. முதலாவது, ஹைஸ்கூல் பட்டயம் பெறுவதற்கு மாநிலச் சட்டம் விதித்திருப்பது: ஆங்கிலம் 3 வருஷம், சரித்திரம் முதலிய சமூகப் பாடங்கள் 3, கணிதம் 2, விஞ்ஞானம் 2, தேகப் பயிற்சி 2, கலை, வேற்று மொழி, தொழிற்கல்வி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று 1 வருஷம். ஆக 13. இதற்கு மேல் அந்தந்தப் பள்ளி மாவட்டம் தன் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கும். இரண்டாவது, கலிபோர்னியா சர்வகலாசாலை தன் வாசலில் நின்று கேட்பது: ஆங்கிலம் 4, கணிதம் 3, சரித்திரம் 2, விஞ்ஞானம் 2, வேற்று மொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1. ஆக 15. தேகப் பயிற்சியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டப்படி எல்லாம் படித்துப் பட்டயம் வாங்கி, அங்கியும் குல்லாயும் அணிந்து புகைப்படமும் எடுத்துக்கொண்ட பிள்ளை, சர்வகலாசாலை வாசலில் போய் நின்று, "இரண்டு வருஷக் கணிதம் போதாதே, வேற்று மொழி எங்கே?" என்ற கேள்விக்குத் திகைக்கலாம். மார்க்கிலும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. 'டி' வாங்கினால் பொதுவாகப் பள்ளியில் தேர்ச்சிதான். ஆனால் சர்வகலாசாலைக்கு 'சி'க்குக் கீழே போகக் கூடாது. ஒரே எழுத்து ஒரு கதவைத் திறக்கிறது, மற்றொரு கதவைச் சாத்துகிறது.

இந்தப் பாடங்களை அளக்கும் படிக்கு 'கிரெடிட்' என்று பெயர். அதன் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 1905-இல் ஆண்ட்ரூ கார்னெகி என்ற இரும்புச் சீமான், கலாசாலைப் பேராசிரியர்களுக்குப் பென்ஷன் கொடுப்பதற்காக ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். எது உண்மையான கலாசாலை, எது பெயரளவில் கலாசாலை என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. ஹைஸ்கூலில் 14 'யூனிட்' படித்துத் தேறியவர்களையே சேர்க்கும் இடம்தான் கலாசாலை என்றும், ஒரு பாடத்தை வகுப்பில் 120 மணி நேரம் படிப்பது ஒரு யூனிட் என்றும் வகுத்தார்கள். பென்ஷனில் ஆசையில்லாத பேராசிரியர் உண்டோ? கலாசாலைகள் ஒப்புக்கொண்டன, ஹைஸ்கூல்களும் பின் தொடர்ந்தன. வயோதிகர்களின் பென்ஷனுக்காகப் பிறந்த கணக்கு, இன்று பதினான்கு வயதுக் குழந்தைகளின் தலையில் உட்கார்ந்திருக்கிறது!

நிற்க. இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு 24 கட்டங்களையும் நாம் அழகாக நிரப்பினோம். கணிதம் நான்கு வருஷம், விஞ்ஞானம் நான்கு வருஷம், நடுவில் கம்ப்யூட்டர். தங்கைக்குப் பரம திருப்தி. அனுப்புவதற்காக விரலை வைத்தபோது, பழைய ஞாபகம் ஒன்று வந்து கையைப் பிடித்தது.

2013-ஆம் வருஷம் ஜூன் மாதம். நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண், தகப்பனாருடன் வந்தாள். நல்ல மார்க்கு. தகப்பனாருக்கு அவளை டாக்டராக்க வேண்டும் என்று ஆசை. கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பில் சேர்ப்பதா, சயன்ஸ் குரூப்பில் சேர்ப்பதா என்று யோசனை கேட்டார்கள். நாம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "டாக்டருக்குக் கணக்கு எதற்கு? வீண் பாரம்" என்றோம். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. நாம் அதற்குள் பாரத்தில் எழுதிவிட்டோம்.

இரண்டு வருஷம் சென்றது. வைத்தியக் கலாசாலைக்கு மார்க்கு சிறிது போதவில்லை. இஞ்சினீயரிங் படிக்கலாம் என்றால் கணிதம் இல்லை. அவள் பள்ளிக்கு வந்து நம் முன்னால் நின்றாள். அழவில்லை, குறைப்படவும் இல்லை. "சார், எனக்கு மெஷின்கள் என்றால் சின்ன வயதிலிருந்தே ஆசை. கணக்கை விட்டால் அந்த வழி அடைந்துவிடும் என்று எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னாள். நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சொல்லவில்லை. அவள் என்ன ஆக வேண்டும் என்று நாமும் அவள் தகப்பனாரும் தீர்மானித்துவிட்டபடியால், மற்றக் கதவுகளைப் பற்றிச் சொல்வது அவசியம் என்றே நமக்குத் தோன்றவில்லை. பின்னர் அவள் தாவர சாஸ்திரத்தில் பட்டம் பெற்றாள். இன்று நல்ல நிலைமையில் இருக்கிறாள். ஆனால் அதனால் நம் பிழை பிழையல்லாமல் போய்விடாது. எத்தனையோ விடைத்தாள்களில் நாம் போட்ட சிவப்புக் கோடுகளையெல்லாம் சேர்த்தாலும், அன்று பாரத்தில் எழுதிய அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

நிரப்பிய காகிதத்தைக் கிழித்துப் போட்டோம். "குழந்தையைக் கூப்பிடு" என்று தங்கையிடம் சொன்னோம்.

மருமகள் வந்து உட்கார்ந்தாள். "உனக்கு என்ன படிக்க ஆசை, அம்மா?" என்று கேட்டோம். அவள் தாயாரை ஓரக் கண்ணால் பார்த்துவிட்டு, "மண்பாண்டம் வனைகிற வகுப்பு ஒன்று இருக்கிறது, மாமா" என்றாள்.

"பார்த்தாயா அண்ணா! சட்டி பானை செய்யவா கடல் தாண்டி வந்தோம்?" என்றாள் தங்கை.

"அவசரப்படாதே. சர்வகலாசாலை கேட்கும் பதினைந்தில் கலைக்கு ஒரு வருஷம் இருக்கிறது. பள்ளியில் அந்த வகுப்பை அதற்காக அங்கீகரித்திருக்கிறார்களா என்று பார்" என்றோம். பார்த்தாள், அங்கீகரித்திருந்தார்கள். தங்கை வாயடைத்துப் போனாள்.

அடுத்தது கணிதம். அங்கே அது ஓர் ஏணி: முதல் அல்ஜீப்ரா, ஜியாமிதி, இரண்டாம் அல்ஜீப்ரா, ப்ரீகால்குலஸ், கால்குலஸ் என்று ஐந்து படிகள். ஒன்பதாம் வகுப்பில் முதல் படியில் கால் வைப்பவர், வருஷத்துக்கு ஒரு படியாக ஏறினால், பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது நான்காவது படியில்தான் நிற்பார். இதனால்தான் அல்ஜீப்ராவை எட்டாம் வகுப்பில் தொடங்குவதா, ஒன்பதிலா என்று அந்த நாட்டில் பெரிய சண்டை. ஸான் பிரான்ஸிஸ்கோவில் 2014-இல் அதை ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளினார்கள். 2024-இல் மறுபடியும் எட்டாம் வகுப்பில் கற்பிப்பதென்று தீர்மானித்தார்கள். நம் மருமகள் ஒன்பதில் தொடங்குகிறவள். தங்கையின் கவலையெல்லாம் அந்த ஐந்தாவது படியைப் பற்றித்தான்.

நாம் மருமகளிடம் சொன்னது இதுதான்: "கால்குலஸ் இல்லாவிட்டால் சர்வகலாசாலை வாசல் அடைந்துவிடாது. அவர்கள் கேட்பது மூன்று படிகள். நான்கு இருந்தால் நல்லது என்கிறார்கள். ஆனால் இஞ்சினீயரிங்கோ பௌதிகமோ படிக்க ஆசை வந்தால், கால்குலஸ் இல்லாதவர்கள் மற்றவர்களுக்குப் பின்னால் நிற்க நேரும். அந்த ஆசை வருமா என்று பத்தாம் வகுப்பு முடிவதற்குள் உன்னையே கேட்டுக்கொள். வருமென்று தோன்றினால், கோடை விடுமுறையில் ஒரு படியை ஏறிவிட முடியுமா என்று பள்ளியில் விசாரி. மொழியை மட்டும் கடைசி வருஷத்துக்குத் தள்ளாதே. இரண்டு வருஷப் படிப்பை ஒரு வருஷத்தில் முடிப்பது கஷ்டம்."

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியும் எதையாவது தவறவிட்டால்?" என்றாள்.

நல்ல கேள்வி. அதற்கு அந்த மாநிலத்தில் ஒரு நல்ல பதிலும் இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜ் என்னும் இரண்டு வருஷக் கலாசாலைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. ஹைஸ்கூல் பட்டயம் பெற்ற எவருக்கும் அங்கே இடம் உண்டு. அங்கே நன்றாகப் படித்தால், பிறகு சர்வகலாசாலையில் மூன்றாம் வருஷத்தில் சேர விண்ணப்பிக்கலாம். முன் வாசலில் தவறியவருக்கும் பக்கவாட்டில் ஒரு வழி. நம் ஊரில் அந்தப் பக்க வழி மிகவும் குறுகல். ஆகவே, முன் வாசலைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டிய பொறுப்பு நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் அதிகம்.

மருமகள் ஒன்பதாம் வகுப்புப் பத்தியைத் தானே நிரப்பினாள்: ஆங்கிலம், அல்ஜீப்ரா, உயிரியல், ஸ்பானிஷ், தேகப் பயிற்சி, மண்பாண்டம். ஆறு கட்டங்களும் மையால் எழுதப்பட்டன. மற்ற மூன்று பத்திகளையும் பென்ஸிலால் எழுதினாள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

"அதில் என்ன?" என்று தங்கை கேட்டாள்.

"எனக்கு இன்னும் தெரியவில்லை, அம்மா" என்றாள் குழந்தை.

தங்கை நம்மைப் பார்த்தாள். கை பேனாவைத் தேடியது வாஸ்தவம்தான். ஆனால் எடுக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, நமது பத்தாம் வகுப்பின் சுவரில் ஓர் அட்டையை ஒட்டினோம். எந்தக் குரூப்பில் சேர வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. எந்தக் குரூப்பில் சேர்ந்தால் எந்தெந்தப் படிப்புக்கு நேர் வழி உண்டு, எதற்கு இல்லை என்பது மட்டுமே இருக்கிறது. இடைவேளையில் பிள்ளைகள் அதன் முன்னால் கூடி நின்று படிக்கிறார்கள். போன வாரம் ஒரு பையன், வரிசைகளில் ஒன்று விடுபட்டிருக்கிறது என்று பென்ஸிலால் எழுதிச் சேர்த்திருந்தான். சரியாகத்தான் எழுதியிருந்தான்.