ரிப்பன் காய்ந்தால் ஹெட் போகும்

சென்னை ரிச்சி தெருவில் செல்போன் உறை, சார்ஜர் என்று கூவுகிறவர்களைத் தாண்டி நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு மாடிப்படி ஏறினால், இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்திக்கொண்டிருக்கிறது. டிவிஎஸ் எம்எஸ்பி, எப்சன் எல்எக்ஸ்-300, அகலத்தாள் ஓடும் 136 காலம் (column) மாடல்கள் எல்லாம் சுவரோடு அடுக்கிக் கிடக்கின்றன. வந்த இடத்தை அழுக்கே சொல்லிவிடும். தவிடு ஒட்டியிருந்தால் அரிசி ஆலை, செம்மண் என்றால் எடைமேடை.

இவற்றை ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை? லாரி புக்கிங் ஆபீசில் ஒரே அடியில் மூன்று பிரதி வேண்டும். லேசர் தாளை அடிப்பதில்லை. அடித்தால்தானே அடிப் பிரதியில் எழுத்து விழும்.

இங்கே வேலை பார்க்கும் அண்ணன் பிரிண்டரைத் திறக்கும் முன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ரிப்பன் எப்ப மாத்துனீங்க?"

"எழுத்து தெரியுற வரைக்கும் ஓடட்டும்னு முதலாளி சொல்லிட்டாருண்ணே" என்றார் பிரிண்டரைச் சுமந்து வந்த புக்கிங் கிளார்க்.

அண்ணன் எல்எஃப் (லைன் ஃபீட்) பட்டனை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் இல்லாமலே பிரிண்டர் எழுத்துகளை வரிசையாக அடித்துத் தள்ளியது. இது சரியாக வந்தால் கோளாறு கேபிளிலோ டிரைவரிலோ இருக்கும். பிரிண்டரைச் சுமந்து வரவே வேண்டாம். இதில் ஒவ்வொரு வரியிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அச்சடிக்கும் ஹெட்டில் உள்ள ஒன்பது பின்களில் ஒன்று வேலை செய்யவில்லை.

குற்றவாளி ரிப்பன்தான். நைலான் துணியில் ஊறிய மை எழுத்துக்கு மட்டுமல்ல, பின்னுக்கும் அதுவே எண்ணெய். காய்ந்த துணி பிசிறுவிடும். பிசிறு பின் துளையில் அடையும். உள்ளே திரும்பாமல் நின்ற பின், ஹெட் நகரும்போது துணியில் மாட்டி முறியும்.

ஹெட்டைக் கழற்றி, மூக்குப் பகுதியை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊற வைத்தார். பிறகு மல்டிமீட்டர். பின்களை இயக்கும் எல்லாக் காயிலிலும் (coil) ஓம் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மிகவும் குறைந்தால் காயில் ஷார்ட். அப்போது போர்டில் உள்ள டிரான்சிஸ்டரையும் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் புது ஹெட் மாட்டினால் அதுவும் எரியும். இந்தக் கடையை நான் நம்புவது இப்படிப் பார்ப்பதற்காகத்தான்.

காயில் பழுதில்லை, பின்தான் முறிந்திருந்தது. செத்துப்போன இன்னொரு ஹெட்டிலிருந்து தலைமுடியைவிடச் சில மடங்கே தடித்த ஒரு பின்னை உருவி, லென்ஸ் வைத்துக் கோத்தார். கண்ணாடி மேல் விரித்த மெல்லிய எமரித் தாளில் ஹெட் முனையைத் தேய்த்து எல்லாப் பின்னையும் சம உயரத்துக்குக் கொண்டுவந்தார். நீண்ட பின் ரிப்பனைக் கிழிக்கும், குட்டைப் பின் மங்கலாக அடிக்கும். "கண்ணாடி பவர் ஏறிக்கிட்டே போகுது சார்" என்றார், தலை நிமிராமல்.

ஹெட் நகரும் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்த பையன், அதில் தேங்காய் எண்ணெய் வாசனை வருவதாகச் சிரித்தான். கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றுகிறார்கள்; தூசி அதில் குழைந்து பசையாகிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். பிரதிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஹெட்டுக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் லீவரைத் தொட்டதே இல்லை என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்களாம்!

"பார்ட் எதுவும் புதுசா போடலையே, இவ்வளவு காசா?" என்று கிளார்க் பேரம் பேசினார். கண்ணுக்கும் கைக்கும் கூலி கிடையாது என்பது நம் ஊர் வழக்கம். அண்ணன் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் கடையிலோ சங்கத்திலோ இந்தப் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தால், எழுத்து மங்கத் தொடங்கிய அன்றே ரிப்பனை மாற்றிவிடுங்கள். ரிப்பன் விலை, ஹெட் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.