கிணற்றை முதல் எழுது

மொன்றியலுக்கு வந்த புதிதில் நாங்கள் கற்ற பிரெஞ்சு, வீட்டு விளம்பரங்களின் பிரெஞ்சுதான். 4½ என்றால் நாலு அறை. குசினியும் அதற்குள் ஒன்று. அந்த அரை, குளியலறை.

கம்பஸை அரைவாசியில் விட்ட எங்களிடம், கோப்பை கழுவி முடிந்த ஓர் இரவில், தெரிந்த அண்ணை ஒருவர் தன் டூப்ளெக்ஸை விற்பதற்குத் தமிழில் நாலு வரி கேட்டார். நிலவறையைத் 'தனிவாசலுடன் கூடிய கீழ்வீடு' ஆக்கினோம். சுவரில் கசியும் ஈரத்தை எழுதவில்லை. அண்ணைக்குப் பரம திருப்தி.

பிறகு எங்களில் ஒருவனின் அம்மா ஊரிலிருந்து எடுத்தார். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கில் விட்டோடிய வீடு. இராணுவம் காணியை விட்டபோது கூரையில்லை, கதவுநிலையில்லை. மூன்று பரப்பும் பற்றை. தங்கச்சியின் கலியாணத்துக்கு விற்கவேண்டும். பேப்பருக்கு எழுதித் தரட்டாம்.

'நாற்சார் வீடு' என்று எழுதி வெட்டினோம். 'அமைதியான சூழல்' என்றான் ஒருவன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"கிணறு கிடக்குது தம்பி. நல்ல தண்ணி. அதை முதல் எழுது" என்றார் அம்மா. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் காணி வாங்குகிறவன் முதலில் கேட்பதும் தண்ணீரைத்தான். சில வளவு தள்ளினால் உவர்.

அதை மட்டும் எழுதினோம். அம்மா கடைசியாக எப்போது அள்ளிக் குடித்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.